உள்ளேன், டீச்சர்

புரூக்ளின்
8 மார்ச் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் உன்னையும் என் கெஸியாவையும் நல்ல உடம்போடு பார்க்கட்டும். எனக்குக் குளிரில் வரும் தும்மலைத் தவிர வேறு குறையில்லை.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முப்பதாம் தேதி எனக்கும் எக்பர்ட் சீலிக்கும் நகர மன்றத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அடுத்த வீட்டு ஃபோனில் சொன்னால் நம் நியூ ஆம்ஸ்டர்டாம் ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் உனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். எக்பர்ட் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் பாய்லர் பார்க்கிறார். அமெரிக்கக் குடிமகன் ஆகிப் பதினோரு வருஷம். பார்பேடோஸ்காரனா என்று மூஞ்சியைச் சுளிக்காதே. நான் வைத்த பெப்பர்பாட் கறியை மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டும் என்னைக் கட்டிக்கொண்ட மனுஷன். கிரீன் கார்டுக்காகச் செய்த கல்யாணம் இல்லை அம்மா. ஆனால் கார்டும் வேண்டும்.

ஆறு மாத விசிட் விசாவில் வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. வக்கீல் மிஸ் பச்சேக்கோ விவரம் சொன்னார். நான் விமான நிலையத்தில் ஒழுங்காக முத்திரை வாங்கி உள்ளே வந்தவள். அதனால் தங்கிப்போன குற்றத்தைக் குடிமகனின் மோதிரம் மன்னித்துவிடுமாம். ஆனால் காரியம் முடிவதற்குள் ஒரு காலை வெளியே வைத்தாலும் பத்து வருஷம் கதவைச் சாத்திவிடுவார்களாம். கெஸியாவுக்கு இப்போதே எட்டு வயது. பத்து வருஷம் கழித்து அவள் என்னை யார் என்று கேட்பாள்.

வக்கீல் ஆபீஸில் நடந்த கூத்தைக் கேள். வக்கீல் எக்பர்ட்டிடம், "உங்க மனைவி பேரு என்ன?" என்றார்.

"பாப்ஸி."

"அது வீட்டுல. பத்திரத்துல?"

இவர் முழிக்கிறார். வக்கீலே காகிதத்தைப் பார்த்து, "இஸ்மே ஆக்டேவியா ஃபோர்டைஸ்," என்றார்.

"இஸ்மேயா? அது யாரு?"

அம்மா, எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. "சத்தியமாச் சொல்றேன் மிஸ். கல்யாணத்தன்னிக்கு கிளார்க் அந்தப் பேரை வாசிச்சப்போ வேற ஜோடியக் கூப்புடுறாருன்னு நெனச்சுப் பின்னாடி திரும்பிப் பார்த்தேன்," என்கிறார். வக்கீல் சிரிக்கவில்லை. நேர்காணலில் இப்படிச் சொன்னால் பொய்க் கல்யாணம் என்று மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்களாம். இன்றிலிருந்து வீட்டில் 'பாப்ஸி' கூடாது, 'இஸ்மே' மட்டும்தான் என்று உத்தரவு.

ஜார்ஜ்டவுன் பதிவு அலுவலகத்தில் என் பிறப்புச் சான்றிதழுக்குப் புது நகல் எடுத்து அனுப்பு. கெஸியாவின் பல் விழுந்துவிட்டதா?

முத்தங்களுடன்,
பாப்ஸி

நியூ ஆம்ஸ்டர்டாம்
2 ஏப்ரல் 1998

அருமை மகளே,

கர்த்தர் இரக்கத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பார்பேடோஸ்காரர்கள் சுத்தமானவர்கள், கை கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். என் ஆசீர்வாதத்தைச் சொல். கெஸியா சேதி கேட்டவுடன், "அவருக்கு நாய் இருக்கா ஊனாம்மா?" என்று கேட்டாள். மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்துவிட்டது. சீருடைத் தையல் சீசன் முடிந்ததும் ஜார்ஜ்டவுன் போகிறேன். பழைய நகலே போதாதா? நன்றாகத்தானே இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் பெயரை வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம் என்று அவரிடம் சொல். வக்கீலுக்கு நம் பழக்கம் தெரியாது. பத்திரத்துப் பேர் அரசாங்கத்துக்கு, கூப்பிடுகிற பேர் மனுஷருக்கு. பொழுது சாய்ந்த பிறகு பத்திரத்துப் பேரைச் சொல்லக் கூடாது என்று உன்னை எத்தனை தரம் அடித்திருக்கிறேன். மறக்காதே.

பாலும் தேனும் சேர்த்துக் குடி, தும்மல் நிற்கும்.

உன் அம்மா,
ஊனா ஃபோர்டைஸ்

புரூக்ளின்
3 மே 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி இந்த மழையில் படுத்தாமல் இருக்கட்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

இது ஃபிளாட்புஷ், அம்மா. இங்கே ஜம்பிப் பேய் வந்தால் அதுவும் வாடகை கொடுத்துத்தான் இருக்க வேண்டும். எக்பர்ட் விடாமல் பயிற்சி செய்கிறார். "இஸ்மே, உப்பு எங்கே? இஸ்மே, என் காலுறை எங்கே?" எனக்குக் காதிலேயே விழுவதில்லை. அந்தப் பெயருக்கு நான் பதில் சொன்னது பள்ளிக்கூடத்தில் மட்டும்தானே. மிஸ் கிராண்டிசன் வருகைப் பதிவேட்டை வாசிப்பார், "உள்ளேன், டீச்சர்" என்போம். அதோடு சரி.

ஆனால் போன வாரம் எக்பர்ட் ரொம்பச் சந்தோஷமாக, "இப்பதான் நல்லாப் பழகிட்டே. கூப்பிட்ட ஒடனே பதில் வருதே," என்றார்.

"எப்போ?"

"சாயங்காலம். சமையல்கட்டுல இருந்தியே. இஸ்மேன்னேன், உள்ளேன்னு சொன்னே. ஸ்கூல் புள்ள மாதிரி!"

அந்தச் சாயங்காலம் நான் துணி துவைக்கக் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்றேன். அவரும் இருக்கும் என்றார்.

இன்னொரு தொல்லை. பத்திரத்தில் என் பிறந்தநாள் 1963 ஜூன் 4. நாம் கேக் வெட்டுவது அக்டோபர் 19, அதுவும் 1965 கணக்கில். பதிவாளர் தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் நீ சொல்வாய். இரண்டு வருஷத்துக்கு மேலா தப்பாக எழுதுவார்? வக்கீல் கேட்டால் என்ன சொல்ல? சான்றிதழைச் சீக்கிரம் அனுப்பு.

கெஸியாவிடம் நாய் இல்லை, பூனை வாங்கித் தருவார் என்று சொல்.

பாப்ஸி

நியூ ஆம்ஸ்டர்டாம்
30 மே 1998

அருமை மகளே,

நாங்கள் இருவரும் சுகம். மூட்டுவலி இருந்தாலும் அதுவும் என் கூடவே சுகம்.

சான்றிதழ் நகல் இதனுடன் இருக்கிறது. அந்தக் காலத்துப் பதிவாளர் குடிகாரர், அதற்கு மேல் எனக்கு ஞாபகமில்லை. வக்கீல் கேட்டால் பத்திரத்தில் உள்ளதையே சொல். காகிதத்தோடு சண்டை போடாதே.

எக்பர்ட் கூப்பிடும்போது நீ வீட்டில் இருந்தால் உடனே பதில் சொல். சத்தமாகச் சொல். முதல் குரலுக்கே சொல். மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிடு. இங்கே யார் கூப்பிடுகிறார் என்பது பயமில்லை. யார் முந்திக்கொள்கிறார் என்பதுதான்.

நான் ஏதோ கிழவிப் பேச்சு பேசுகிறேன், கண்டுகொள்ளாதே. கெஸியா கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள்.

உன் அம்மா

புரூக்ளின்
12 ஜூலை 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் காய்ச்சலில் விழுந்து எழுந்தேன், இப்போது பரவாயில்லை.

இமிகிரேஷனில் என் கைரேகையை இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இத்தனை நாள் வீடு வீடாகப் போய்ப் பிளீச் போட்டுத் துடைத்ததில் விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. ரேகை எடுத்த பெண், "உங்க கையில ஆளே இல்லையேம்மா," என்றாள். மூன்றாவது தரம் வரச் சொன்ன நாள் ஜூன் 29. அன்றுதான் எனக்குக் காய்ச்சல் உச்சம். நாள் முழுக்கப் போர்வைக்குள் கிடந்தேன். வேறு தேதி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது நேற்றுக் கடிதம் வந்தது. 'ரேகை பதிந்தது, தெளிவாக உள்ளது.'

எக்பர்ட்டிடம் காட்டினேன். "ஆமா, அன்னிக்கு நான்தானே வண்டியில கூட்டிப் போனேன்," என்கிறார்.

"யாரை?"

"என்ன விளையாட்டு? உன்னைத்தான். கீழ நின்னு இஸ்மேன்னு கூப்பிட்டேன், எறங்கி வந்தே. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. காய்ச்சல்ல என்னத்தப் பேசுவேன்னு நானும் விட்டுட்டேன்."

காய்ச்சலில் நானே எழுந்து போய் வந்து மறந்திருப்பேனா? அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லையா?

இரண்டு விஷயம். விண்ணப்பத்தில் 'பயன்படுத்திய வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாப்ஸி என்று எழுதட்டுமா என்றேன். "செல்லப் பேரெல்லாம் எழுதி ஏன் கேள்விய வளக்கணும்? ஒண்ணுமில்லைன்னு போடுங்க," என்றார் மிஸ் பச்சேக்கோ. போட்டேன். இனி நீயும் உறைமேல் பாப்ஸி என்று எழுதாதே. 'திருமதி இஸ்மே ஆக்டேவியா சீலி' என்று முழுப் பெயர் எழுது. வீட்டு விலாசத்துக்கு வரும் தபால்கூட நேர்காணலில் சாட்சியாம்.

பாப்ஸி

புரூக்ளின்
6 செப்டம்பர் 1998

அம்மா,

நீங்கள் இருவரும் சுகமா? இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. நடுவில் ஒரு அட்டை எழுதினேன், அதற்கும் இல்லை. சாமான் போட்டுக் கப்பலில் அனுப்பிய பீப்பாய் வந்து சேர்ந்ததா? கெஸியாவின் சிவப்புச் சப்பாத்து அதில் அடியில் இருக்கிறது.

நேர்காணல் அக்டோபர் 21. அது முடிந்து பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தால் கிறிஸ்துமஸுக்கு நான் வீட்டில் இருப்பேன்.

அம்மா, நானே கேட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து மாடிப்படி ஏறி வந்து சாவியை எடுத்தேன். உள்ளே எக்பர்ட், "இஸ்மே!" என்றார். "உள்ளேன்," என்றது ஒரு குரல். மூடின கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருக்கிறேன். டிவி இல்லை, பக்கத்து வீடும் இல்லை. உன் குரல், அம்மா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்கு இருந்த குரல். கதவைத் திறந்தால் எக்பர்ட் மீன் பொரித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்துவிட்டு, "இப்பதானே உள்ள போனே. எப்போ வெளிய வந்தே?" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் சொல்லி ஆவதென்ன, ராத்திரி தூக்கம் போய்விட்டது. ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல். எனக்கு முன்னால் உனக்கு ஒரு பிள்ளை இருந்ததா?

பாப்ஸி

நியூ ஆம்ஸ்டர்டாம்
28 செப்டம்பர் 1998

என் பாப்ஸி,

கெஸியா சுகம். சப்பாத்து ஒரு விரல் பெரிசு, ஆனாலும் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். நான் சுகமில்லை. உன் கடிதங்களைத் தையல் பெட்டிக்குள் போட்டுவிட்டு, நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று கோழையாக இருந்துவிட்டேன்.

இருந்தாள். இஸ்மே ஆக்டேவியா. 1963 ஜூன் 4. அப்போது நாங்கள் ஆற்றின் மேல்பக்கம் குடியிருந்தோம். அடுத்த வருஷம், 1964 கலவரத்தில், வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். உன் அப்பாவும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினோம். அவளுக்கு ஏற்கெனவே காய்ச்சல். படகிலேயே போய்விட்டாள். பதினோரு மாதம். கரையோரம் நிறுத்தி ஒரு இடத்தில் புதைத்தோம். பலகை இல்லை, பாதிரியார் இல்லை. சாவைப் பதிய எந்த ஆபீஸும் திறந்திருக்கவில்லை. உன் அப்பாவின் சட்டைப்பையில் அவளுடைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் நனையாமல் இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம் நீ வந்தாய். உன்னைப் பதியவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பத்திரம் கேட்டபோது என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைக்கு ஒரு காகிதம். சட்டை போல நினைத்துவிட்டேன். பெரியவள் போட முடியாமல் போனதைச் சின்னவள் போட்டுக்கொள்ளட்டும் என்று.

உனக்கு மணல்வாரி வந்து பத்து நாள் வீட்டில் கிடந்தாயே, ஏழு வயதில். நான் மிஸ் கிராண்டிசனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "என்ன சொல்றீங்க மிஸஸ் ஃபோர்டைஸ்? இஸ்மே ஒரு நாள்கூட லீவு போடலையே," என்று பதிவேட்டைக் காட்டினார். பத்து நாளும் வருகை. அன்றைக்கே எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரையும் உச்சரிக்க விடவில்லை.

இப்போது போய் அவள் சாவைப் பதிந்தால் உன் பத்திரம், பாஸ்போர்ட், கல்யாணம் எல்லாம் அதோடு செத்துப்போகும். கெஸியாவை நீ பார்க்கவே முடியாது. அதனால் அதைச் செய்யமாட்டேன். ஆனால் நீ ஒன்று செய். அந்தக் கட்டத்தில் பாப்ஸி என்று எழுது. வக்கீல் கத்தட்டும். 'வேறு பெயர் உண்டா' என்று அதிகாரி வாயால் கேட்டால் 'உண்டு, பாப்ஸி' என்று சொல். அந்தக் கோப்பு முழுக்க அவள்தான் இருக்கிறாள். உனக்கு அதில் அந்த ஒரு கட்டம்தான் இடம். அதையும் விட்டுவிடாதே.

நீ சொன்னபடி உறைமேல் முழுப் பெயர் எழுதுகிறேன். நேர்காணலுக்கு முன்னால் வந்து சேரட்டும், ஆண்டவரே.

அம்மா

புரூக்ளின்
24 அக்டோபர் 1998

அன்புள்ள தாயே,

நீங்கள் சுகமா? நான் சுகம். முப்பத்தைந்து வருஷமாக யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சுகம்.

நேர்காணல் நன்றாக முடிந்தது. கூடத்தில் ஒருவர் பெயர் வாசித்தார். உள்ளேன் என்றேன். அவளும் எழுந்தாள். அதிகாரி நல்ல மனிதர். எக்பர்ட் எந்தப் பக்கம் படுப்பார், பல் தேய்க்கும் தூரிகை என்ன நிறம் என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "வேற பேரு ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "இல்லை," என்றாள். அதைச் சொன்னவள் அவள்தான், தாயே, நான் இல்லை. அப்புறம் அவள் பேசவில்லை. அதிகாரி முத்திரை குத்தினார்.

உங்கள் கடிதம் நேர்காணலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. உறைமேல் என் பெயர் இருந்தது. எனக்கு வந்த முதல் கடிதம். நானே படித்தேன். அவளிடம் கொடுக்கவில்லை. அவள் பெயர் உறைமேல் எங்கும் இல்லையே, கொடுப்பது முறையல்லவே.

சீமைப்பலா மரத்தடியில் மரத்தொட்டியில் என்னை உட்கார வைத்துக் குளிப்பாட்டுவீர்களே. தண்ணீர் பழுப்பாக இருக்கும். அந்த மரம் எரியும்போது பழங்கள் வெடித்த சத்தம் இன்னும் கேட்கிறது.

டிசம்பர் 19 மதியப் படகில் வருகிறேன். என் மகளைத் தயாராக வையுங்கள். கெஸியாவின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில் நான்தான் இருக்கிறேன்.

தங்கள் மகள்,
இஸ்மே

நியூ ஆம்ஸ்டர்டாம்
14 நவம்பர் 1998

என் மூத்த மகளுக்கு,

உன் சுகத்தை விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

உன் மேல் கோபமில்லை. சீமைப்பலா மரத்தைப் பற்றிப் பாப்ஸியிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதைப் படித்துவிட்டு ஊசியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன்னை மண்ணில் வைத்தோம், பெயரை மட்டும் தோண்டி எடுத்துக்கொண்டோம். அந்தப் பாவம் என்னுடையது, உன் தங்கைக்கு அதில் பங்கில்லை.

வா. இது உன் வீடுதான். ஆனால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஒரு காகிதத்தில் இரண்டு பேரும் வளர்ந்தீர்கள். ஒரு படகில் வர முடியாதா? கெஸியாவுக்கு அவள் வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
ஊனா

புரூக்ளின்
30 ஜனவரி 1999

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த கருப்பு கேக் ஒரே நாளில் தீர்ந்தது. நீயும் கெஸியாவும் சுகமா?

மூன்று வாரம் உன் வீட்டில் இருந்தேன், கேட்க வாய் வரவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்கு ஞாபகம் இருப்பது, அந்த அதிகாரி வேறு பெயர் உண்டா என்று கேட்டது. அவசரமாக இல்லை என்றேன். அதற்கு அடுத்து எனக்குக் கேட்டது படகுத்துறையில் கெஸியாவின் குரல். நடுவில் இரண்டு மாதம் எங்கே, அம்மா? விமானத்தில் ஏறியது தெரியாது. எக்பர்ட்டைக் கேட்டால், "நல்லாத்தான் இருந்தே. ரொம்ப அமைதி. என்ன, சோறு மட்டும் கையிலயே அளைஞ்சிக்கிட்டு இருப்பே, சின்னப் புள்ள மாதிரி," என்கிறார். அவர் பக்கத்தில் இத்தனை நாள் படுத்திருந்தது யார்?

இப்போது என்னைப் பாப்ஸி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிவிட்டேன். கெஸியாவை அழைத்துக்கொள்ள எக்பர்ட் மனுப் போடுகிறார். என் கார்டு இரண்டு வருஷத்துக்குத்தான். பிறகு திரும்பவும் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். திரும்பவும் அந்தப் பெயரை வாசிப்பார்கள். அப்போது யார் எழுந்து நிற்பது?

பாப்ஸி

நியூ ஆம்ஸ்டர்டாம்
21 பிப்ரவரி 1999

என் பாப்ஸி,

உறையைப் பார். 'பாப்ஸி, எக்பர்ட் சீலி வீடு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தபால்காரன் முனகினால் முனகட்டும். நீ சுகமா, எக்பர்ட் சுகமா?

நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் 19 மதியம் நானும் கெஸியாவும் படகுத்துறையில் நின்றோம். படகு வந்தது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீ இறங்கி வந்தாய். பாப்ஸி என்று கத்தினேன். திரும்பவில்லை. இரண்டாம் தரம், மூன்றாம் தரம். சனம் எல்லாம் என்னைப் பார்த்தது, நீ பார்க்கவில்லை. உன் முகம்தான், ஆனால் நான் வளர்த்த முகம் இல்லை. வந்தது உன் அக்கா. கிட்டே வந்து கெஸியாவைப் பார்த்து, "வாங்க மகளே," என்று கையை நீட்டினாள். பிள்ளையைக் கொடுத்தால் பிள்ளை போய்விடும். கொடுக்காவிட்டால் உன் உடம்பும் அப்படியே திரும்பிப் போய்விடும். என்ன செய்வேன்? கெஸியாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கெஸியாதான் என் கையை உதறினாள். "அம்மா! என்னைத் தெரியலையா? பல்லு விழுந்ததுன்னா அடையாளம் தெரியாதாம்மா?" என்று துறையே அதிரக் கத்தினாள்.

உன் அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள், பாப்ஸி. பிள்ளை யாரைக் கூப்பிடுகிறது என்று. அம்மா என்ற பெயரால் அவளை யாரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லையே. அது பத்திரத்துப் பேரும் இல்லை, கூப்பிடுகிற பேரும் இல்லை. நீயாகப் பெற்றுச் சம்பாதித்த பேர். திரும்பின முகம் மறுபடி எங்கள் பக்கம் வந்தபோது அது நீ. "ஐயோ, என் தங்கமே, என்னடி இவ்வளவு ஒசரமாயிட்டே," என்று மண்டிபோட்டு அழுதாய். நானும் அழுதேன். அவள் போய்விட்டாள் என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

நீ புறப்பட்டுப் போன அன்று சாயங்காலம் துணி எடுக்கப் பின்கதவுக்குப் போனேன். வேலி ஓரம் யாரோ நிற்பது போல இருந்தது. நான் பயப்படவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் இருந்தவளுக்கு அதற்கு மேல் என்ன பயம்? பொழுது சாய்ந்திருந்தது. நான் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த சட்டத்தை நானே மீறினேன். "இஸ்மே," என்று கூப்பிட்டேன். ஒரே ஒரு தரம்.

"உள்ளேன்," என்றாள்.

கெஸியா சமையல்கட்டிலிருந்து, "யாரு ஊனாம்மா அது, பின்னாடி?" என்றாள்.

என்ன சொல்ல? "உன் பெரியம்மா," என்றேன்.

"எனக்குப் பெரியம்மா உண்டா? அப்ப ஏன் வெளிய நிக்கறாங்க? மழை வருது பாரு," என்றவள் கதவுக்கு வந்து, இருட்டைப் பார்த்து, "உள்ள வாங்க பெரியம்மா!" என்று கூப்பிட்டாள்.

கதவை அகலத் திறந்து வைத்தேன். பயறு போட்டு ஆக்கிய குக்-அப் சோற்றை எப்போதும் போலப் பரிமாறினேன், ஒரு தட்டு கூடுதலாக வைத்து.

அதனால் நீ பயப்படாதே. அவள் உன்னோடு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெயரை வாசித்தால் நீ தைரியமாக எழுந்து நில், அவள் இங்கே வேலையாக இருப்பாள். எந்தக் காகிதத்தில் அந்தக் கட்டம் இருந்தாலும் பாப்ஸி என்று பெரிய எழுத்தில் எழுது. கெஸியா இப்போது இடது கையாலும் எழுதப் பழகுகிறாள். பெரியம்மா சொல்லிக் கொடுத்தாளாம்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ. இங்கே நாங்கள் மூவரும் சுகம்.

உன் அம்மா